யானை அளவு என்றார்கள்!



ஒட்டகச்சிவிங்கி என்றதும் அதன் நெடுங்கழுத்தே நம் நினைவுக்கு வரும். கழுத்துக் குறுகிய, காளையைப் போல் திண்ணிய உடல் படைத்த அதன் உறவு விலங்கொன்று முற்காலத்தில் நம் நாட்டிலேயே உலவியது என்றால் வியப்பாக இல்லையா?

இமயமலையின் அடிவாரத்தில் சிவாலிக் என்னும் குன்றுத்தொடர் உள்ளது. 1830களில் அங்கே இருவர் கல்லாகிப்போன எலும்புகளைத் தேடித் திரட்டினர். ஒருவர், சஹாரன்பூர் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராயிருந்த மருத்துவர் ஹியூ ஃபால்கனர். மற்றவர், பின்னாளில் கங்கைக் கால்வாயை வெட்டுவித்த பொறியாளர் புரோபி காட்லி. அவர்களுக்குக் கிடைத்தவற்றுள் மாபெரும் மண்டையோடு ஒன்றும் இருந்தது. 1836இல் அவ்விலங்கை உலகுக்கு அறிவித்து, 'சிவாதீரியம்' எனப் பெயரிட்டனர். 'சிவனின் விலங்கு' என்பது அதன் பொருள்.

கண்களுக்கு மேலே இரு சிறு கொம்புகள். பின்தலையில் அகன்று விரிந்த இரு பெருங்கொம்புகள். அத்தலையைக் கண்டோர், உடலும் யானைக்கு நிகராக இருந்திருக்கும் என எண்ணினர். சில பழைய ஓவியங்களில் அதற்குத் துதிக்கை போன்ற மூக்கும் அமைந்துவிட்டது! யானையளவு என்னும் கூற்று நூலுக்கு நூல் படியெடுக்கப்பட்டது.

2016இல் ஆய்வாளர்கள் மூவர் அக்கூற்றைச் சோதித்தனர். அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த எலும்புகளைக் கணிப்பொறியில் பொருத்தி, முழு எலும்புக்கூட்டை அமைத்து, அதன்மேல் உடலின் பருமனைக் கணக்கிட்டனர். கிடைத்த எடை ஏறத்தாழ 1,250 கிலோ. இன்றைய ஆண் ஒட்டகச்சிவிங்கியின் எடையும் ஏறக்குறைய இதுவே. யானையின் எடையோ இதைப்போல் இரு மடங்குக்கும் மேல்! ஆயினும், அசைபோடும் விலங்குகளுள் இதுவரை வாழ்ந்த மிகப் பெரியவற்றுள் இது ஒன்று என்னும் சிறப்பு குன்றவில்லை.

இதனால் முன்னோரின் உழைப்பு பழுதாயிற்றா? இல்லை. அவர்கள் எலும்புகளைத் திரட்டிக் காத்து வைத்ததனாலன்றோ, 180 ஆண்டுகள் கழித்தும் பின்வந்தோர் அளந்து பார்க்க முடிந்தது! சொன்னது பிழையாயினும், சான்றை விட்டுச் சென்றவர் பிழை திருந்தவும் வழி விட்டுச் செல்கிறார். சான்றின்றிச் சொன்னதையே திரும்பச் சொல்பவரால் அந்நன்மையும் இல்லை.

உங்கள் பிள்ளை ஒரு செய்தியை வியந்து கூறும்போது, "அப்படியா!" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "அதை எப்படி அளந்தார்களாம்?" என்றும் கேளுங்கள். அறிவின் வாயில் அக்கேள்வியில்தான் திறக்கிறது.