‘ஆதாரம் இல்லை’ என்று சொல்வது யார்?

சில ஆண்டுகளுக்கு முன் மார்ச் 8க்காக எங்கள் பெண்கள் விடுதியில் நான் ஒரு சுவரொட்டி எழுதினேன். சோஜர்னர் ட்ரூத்தின் படம், அதன் கீழே “நானும் பெண் இல்லையா?” என்ற கேள்வி. அடிமையாகப் பிறந்த ஒரு கறுப்பினப் பெண் 1851இல் வெள்ளையர்கள் நிறைந்த மாநாட்டில் எழுந்து கேட்ட கேள்வி இது என்று கூட்டத்தில் விளக்கவும் செய்தேன். தோழர்கள் கைதட்டினார்கள்.

பிறகு அமெரிக்க மத வரலாற்றில் பெண்கள் என்பதையே முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். மூல ஆவணத்தைத் தேடிப் போனபோதுதான் தெரிந்தது, அந்தக் கேள்வியை அவர் கேட்டதாக அந்த ஆண்டில் வெளியான செய்திகள் எதிலும் இல்லை. நான் சுவரில் ஒட்டியது வேறொருவருடைய வாக்கியம்.

நடந்தது இதுதான். 1851 மே மாதம் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பெண்ணுரிமை மாநாடு நடந்தது. சோஜர்னர் பேசினார். அவரை நன்கு அறிந்த மாரியஸ் ராபின்சன் என்ற பத்திரிகையாளர் அந்தப் பேச்சை ‘ஆன்டி ஸ்லேவரி பியூகிள்’ இதழில் ஜூன் 21 அன்று வெளியிட்டார். அதில் நாம் பாடமாகப் படித்த அந்தக் கேள்வி கிடையாது. 12 ஆண்டுகள் கழித்து, 1863இல், மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சஸ் கேஜ் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி தன் நினைவிலிருந்து வேறொரு பேச்சை எழுதினார். உலகம் முழுக்கப் பரவியது அதுதான்.

கேஜ் எழுதிய சோஜர்னர், அமெரிக்கத் தெற்கின் தோட்ட அடிமைகள் பேசுவதாக வெள்ளையர்கள் எழுதிக் காட்டும் கொச்சை ஆங்கிலத்தில் பேசுகிறார். உண்மையான சோஜர்னர் பிறந்தது நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் கவுண்டியில். அவருடைய தாய்மொழி டச்சு. தெற்கத்திப் பேச்சு அவருக்கு எங்கிருந்து வந்தது? கேஜின் பேச்சில் அவர் 13 பிள்ளைகளைப் பெற்றதாகச் சொல்கிறார். அவருக்குப் பிறந்தவர்கள் 5 பேர். 1881இல் எலிசபெத் கேடி ஸ்டான்டனும் தோழிகளும் தொகுத்த பெண் வாக்குரிமை வரலாற்று நூலின் முதல் தொகுதி இந்தப் பேச்சைச் சேர்த்துக்கொண்டது. கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்த 15ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை எதிர்த்து நின்றவர் இந்த ஸ்டான்டன். கறுப்பினப் பெண்ணின் குரல் என்று நாம் மேற்கோள் காட்டுவது யாருடைய கை வழியாக நம்மிடம் வந்திருக்கிறது என்று பாருங்கள். இதையெல்லாம் நெல் இர்வின் பெயின்டர் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர் 1996இலேயே எழுதிவிட்டார். படிக்காமல் சுவரொட்டி எழுதியது என் தவறு.

கேஜ் எதிரி அல்ல என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அவர் அடிமை ஒழிப்புக்காக உழைத்தவர், நல்ல நோக்கத்தோடு எழுதியவர். ஆனால் ஒடுக்கப்பட்ட பெண் என்றால் இப்படித்தான் பேசுவாள், இத்தனை பிள்ளை பெற்றிருப்பாள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். நம்மூர் முற்போக்கு இலக்கியத்தில் இதைப் பார்த்ததில்லையா? கதைசொல்லி நல்ல தமிழில் நிதானமாகப் பேசுவார். சேரியிலிருந்து வரும் பெண் வாயைத் திறந்தால் மட்டும் எழுத்து கொச்சையாகிவிடும். அதற்கு யதார்த்தம் என்று பெயர் வைத்து விருதும் கொடுப்பார்கள்.

ராபின்சன் பதிவு செய்த பேச்சைப் படித்தால் இன்னொன்றும் தெரியும். அதில் ஒரு முக்கியப் பகுதி வேதாகமத்தை வைத்து நடத்திய வாதம். சோஜர்னருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேதாகமத்தைப் பிறர் வாசிக்கக் கேட்டவர் அவர். ஏவாள் உலகத்தைக் கவிழ்த்தாள் என்றால் அதை நிமிர்த்தும் வாய்ப்பையும் பெண்ணுக்குத்தானே தர வேண்டும் என்கிறார். இயேசு கடவுளாலும் ஒரு பெண்ணாலும் உலகுக்கு வந்தவர், அதில் ஆணுக்கு என்ன பங்கு என்கிறார். சுவரொட்டிக்கு வாக்கியம் தேடும் நாம் இந்தப் பகுதியை எடுப்பதே இல்லை. நமக்குப் போராளி வேண்டும், ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர் வேண்டாம். ஆனால் 1843இல் இசபெல்லா என்ற பெயரை விட்டுவிட்டு சோஜர்னர் ட்ரூத் என்று பெயர் சூட்டிக்கொண்டு அவர் வீட்டை விட்டுக் கிளம்பியதே பிரசங்கம் செய்யத்தான்.

இந்த இடத்தில் என் தோழர்கள் கேட்கும் கேள்வி எனக்கு மனப்பாடம். “பெரியாரைப் படித்துவிட்டு உனக்கு எதற்குச் சபையும் பிரசங்கமும்?”

மதம் செய்த கொடுமையை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகப் போகலாமா என்ற சண்டையில், போகலாம் என்று வாதிட்ட தெற்கத்திய பாப்டிஸ்டுகள் 1845இல் தனிச் சபையே அமைத்துக்கொண்டார்கள். அடிமையைச் சவுக்கால் அடிக்கச் சொன்ன எஜமானியம்மாளும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனவள்தான். அதே வேதாகமத்தைப் பிடித்துக்கொண்டு அந்த எஜமானியின் சமையலறையிலிருந்து வெளியே வந்த பெண்களை என்ன செய்வது? மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், அவர்கள் எப்படிச் சிந்தித்தார்கள் என்பதும் சேர்ந்து அழிந்துபோகும்.

ஜெரீனா லீயைப் பாருங்கள். 1783இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர், 7 வயதில் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர். வெள்ளையர் சபையில் அவமானப்பட்டு வெளியேறிய கறுப்பின மக்களின் தலைவரான ரிச்சர்ட் ஆலனிடம் போய், பிரசங்கம் செய்ய அனுமதி கேட்டார். பெண்கள் பிரசங்கிக்க எங்கள் விதிகளில் இடமில்லை என்றார் ஆலன். வெள்ளையரின் ஒதுக்கலை எதிர்த்துத் தனிச் சபை கட்டியவர் சொன்ன பதில் இது! சாதி எதிர்ப்பு மேடைகளில் பெண்களுக்கு வரவேற்புரையும் நன்றியுரையும் ஒதுக்கிவைத்திருக்கும் தோழர்கள் இந்தப் பதிலை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம்.

சில ஆண்டுகள் கழித்து, ஆலனின் ஆலயத்தில் பிரசங்கம் செய்துகொண்டிருந்த ஆண் தடுமாறியபோது ஜெரீனா எழுந்து நின்று பேசத் தொடங்கினார். ஆலன் அவரைத் தடுக்கவில்லை, பிறகு ஆதரிக்கவும் செய்தார். ஒரே ஆண்டில் 2,325 மைல் பயணம் செய்து 178 முறை பிரசங்கித்ததாக ஜெரீனாவே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். 1836இல் தன் வாழ்க்கை வரலாற்றை 38 டாலர் செலவில் 1,000 படிகள் அச்சிட்டுத் தானே விற்றார். அதை விரிவாக எழுதியபோது சபையின் பதிப்புக் குழு கைவிரித்துவிட்டது. 1849இல் அதையும் தானே வெளியிட்டார். அந்தச் சபை அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தது 2016இல். அவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

மதத்தை ஆராய்வது பிற்போக்கு என்றால், 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசரை எங்கே வைப்பது? 1935இல் யேவலாவில் அறிவித்துவிட்டு 21 ஆண்டுகள் மதங்களைப் படித்து, 1956இல் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கரை எங்கே வைப்பது? அமெரிக்கா நமக்கெதற்கு என்பவர்களும் உண்டு. 1873இல் ‘குலாம்கிரி’யை ஜோதிராவ் புலே காணிக்கையாக்கியது அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான். 1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதம் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. இந்தத் தொடர்பைத் தொடங்கி வைத்தது நம் முன்னோர்தான்.

அடுத்த தடை ஆய்வுக் குழுவிலிருந்து வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத, சபையில் பதவியில்லாத பெண்களைப் பற்றி ஒரு முழு இயலா? “ஆதாரம் இருக்காதேம்மா, அந்த இயலை விட்டுவிடு, சீக்கிரம் முடிக்கலாம்” என்றார் ஒரு மூத்த பேராசிரியர். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். ஒடுக்கப்பட்டோர் வரலாற்றை எழுத வரும் யாரும் இந்த அக்கறையிலிருந்து தப்பியதில்லை.

ஆதாரம் இருக்காது என்று சொல்பவர் எங்கே தேடினார்? முதலில் இதைக் கேட்க வேண்டும். சபை வரலாற்றை எழுதியவர்கள் ஆயர்களின் பட்டியலை வைத்து எழுதினார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அமெரிக்கச் சபைகளில் பெண்கள்தான் பெரும்பான்மை. பட்டியலில் பெண் இல்லை என்பதற்காகச் சபையிலேயே பெண் இல்லை என்று ஆகிவிடுமா? பழைய நூலக அட்டவணைகளில் திருமணமான பெண்ணைத் தேட வேண்டுமென்றால் கணவன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். ‘திருமதி இன்னார்’ என்ற பதிவுக்குப் பின்னால் அவளுடைய பெயர் மறைந்திருக்கும். அட்டவணை போட்ட கை எதைப் பார்த்ததோ அதுவே ஆதாரம், பார்க்காமல் விட்டது வெற்றிடம்.

சோஜர்னர் இன்னும் இசபெல்லாவாக இருந்த காலத்தில், அவருடைய மகன் பீட்டர் சட்டத்துக்குப் புறம்பாக அலபாமாவுக்கு விற்கப்பட்டான். அவர் நீதிமன்றம் போனார், 1828இல் மகனை மீட்டார். அந்த வழக்கின் காகிதங்கள் தொலைந்துவிட்டன என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2022இல் நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்திலேயே அவை கிடைத்தன. அவற்றில் அவர் இசபெல்லா வான் வாகனன். புகழ்பெற்ற பெயரைத் தேடினால் கையில் சிக்காது. ஏறக்குறைய 200 ஆண்டுகளாக ஆதாரம் இருந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொரு எடுத்துக்காட்டு. 1900இல் ரிச்மண்ட் நகரில் கூடிய கறுப்பின பாப்டிஸ்ட் மாநாட்டில் 21 வயது நான்னி ஹெலன் பரோஸ், சபைக்கு உழைக்க வரும் பெண்களுக்கு ஆண்கள் போடும் முட்டுக்கட்டையைப் பற்றிப் பேசினார். பெண்களின் தனி மாநாட்டு அமைப்பு உருவானது. 1909இல் வாஷிங்டனில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளியை அவர் தொடங்கினார். இந்த அமைப்பின் ஆண்டறிக்கைகள், கூட்டக் குறிப்புகள், தீர்மானங்கள் போன்ற, யாரும் இலக்கியம் என்று மதிக்காத காகிதங்களிலிருந்துதான் ஈவ்லின் புரூக்ஸ் ஹிகின்பாதம் 1993இல் ஒரு பெரிய நூலை எழுதினார். அவர் இந்தப் பெண்களைத் தூக்கிவைத்து மட்டும் பேசவில்லை. சுத்தமாக இரு, அடக்கமாக உடுத்து, அப்போது வெள்ளையர் மதிப்பார்கள் என்று ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இவர்கள் பாடம் எடுத்ததையும் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் மரியாதை அரசியல். நம் வீடுகளில் படித்த முதல் தலைமுறை மற்றவர்களுக்குச் சொல்லும் அறிவுரையை நினைத்துப் பார்த்தால் இது புரியும்.

எனக்கு இது வெறும் ஆய்வுத் தலைப்பு அல்ல. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனின் தாய்ச்சங்கத்து ஆவணங்கள் ஹார்வர்டின் ஹவுட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அமெரிக்கப் பெண்கள் சங்கங்கள் காசு சேர்த்து அனுப்ப, இங்கே வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் ‘பைபிள் உமன்’ எனப்பட்ட நம் பெண்கள். என் அம்மாவின் பாட்டி அவர்களில் ஒருவர் என்று வீட்டில் சொல்வார்கள். அச்சான மிஷன் அறிக்கைகளைப் புரட்டினால் மிஷனரி அம்மாளுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, அவர் எழுதிய கடிதமும் உண்டு. எங்கள் பாட்டி மாதிரியானவர்கள் பெரும்பாலும் அட்டவணையில் ஓர் எண். இந்த ஆண்டு எத்தனை பேர், போன ஆண்டு எத்தனை பேர். அந்த எண்களில் ஒன்று எங்கள் பாட்டியாக இருக்கலாம். எந்த எண் என்று கண்டுபிடிக்காமல் இந்த இயலை விடப்போவதில்லை என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

உங்களில் சிலர் சொல்வீர்கள்: இருக்கட்டும், அந்தக் கேள்வி எத்தனை பெண்களுக்குத் துணிச்சல் கொடுத்தது, அதை ஏன் உடைக்க வேண்டும்? நானும் அதில் துணிச்சல் பெற்றவள்தான். ஆனால் கேஜின் பேச்சை விட்டுவிட்டால் சோஜர்னர் குறைந்துபோவதில்லை. மகனுக்காக வழக்காடிய சோஜர்னர் மிச்சமிருக்கிறார். தன் புகைப்படங்களை விற்று வாழ்க்கை நடத்தி, 1864இல் அவற்றுக்குத் தன் பெயரிலேயே காப்புரிமை பதிவு செய்த சோஜர்னர் மிச்சமிருக்கிறார். போலி மேற்கோளோடு அரசியல் செய்வது சங்கிகளின் வேலை. அவர்களைத் திருத்தச் சொல்லும் நாம் நம் சுவரொட்டியைத் திருத்தினால் என்ன?

அதனால் தோழர்களிடம் இரண்டு வேலைகள் கேட்கிறேன். ‘ஆன்டி ஸ்லேவரி பியூகிள்’ இதழை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. விசாவும் வேண்டாம், உதவித்தொகையும் வேண்டாம். எனக்கு உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் இழுத்தடித்த நாட்களில் விடுதி அறையில் கைப்பேசியில்தான் அதைப் படித்தேன். 1851 ஜூன் 21 இதழை நீங்களே எடுத்துப் படியுங்கள். அடுத்து, உங்கள் ஊர்ச் சபையின் மாதர் சங்கம், மகளிர் மன்றம், அம்பேத்கர் மன்றத்துப் பெண்கள் அணி ஆகியவற்றின் வரவு செலவு நோட்டும் கூட்டக் குறிப்பும் யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று விசாரியுங்கள். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். கையெழுத்து போட்ட பெண்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். கைநாட்டு வைத்திருந்தால் அது யாருடைய கை என்று பக்கத்திலேயே எழுதுங்கள். சொல்ல ஆளிருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.