கார் கைமாறியது, ரிமோட் மாறவில்லை

தில்லியில் பழைய கார் வாங்குகிறவர்கள் காகித விஷயத்தில் மகா கறார். பாரம் 29, பாரம் 30ல் கையெழுத்து சரியா, இன்ஷூரன்ஸில் பெயர் மாறியதா, கடன் பாக்கி உண்டா என்று பத்துத் தடவை பார்ப்பார்கள். டாஷ்போர்டுக்குக் கீழே ஒயர்களுக்குள் ஒளிந்திருக்கும் சின்னப் பெட்டியைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கடையில் வாங்கிப் பொருத்திய அலாரத்தின் மூளை அது. பழைய சொந்தக்காரரின் ரிமோட்டுகள் எல்லாம் அதன் நினைவில் பத்திரமாக இருக்கின்றன. விற்கும்போது அவர் கொடுத்தது ஒன்று. இன்னொன்று அவர் மேஜை டிராயரில் கிடக்கலாம். எப்போதோ வேலையை விட்டுப்போன டிரைவரிடமும் இருக்கலாம்.

கையிலிருக்கும் ஒற்றை ரிமோட் செத்துப்போய், நடுராத்திரியில் சைரன் அலறி, காலனியே பால்கனிக்கு வந்த பிறகுதான் கரோல்பாக் கார் சாமான் கடைகளின் நினைவு வருகிறது. பாட்டரி மாற்றியும் பலனில்லை என்றால் புது ரிமோட். வேலை சில நிமிடம்தான். இக்னிஷனை ஆன் செய்து, 'வாலே' ஸ்விட்சைக் குறித்த தடவை அமுக்கினால் சைரன் கீச்சிடும். உடனே புது ரிமோட்டின் பொத்தானை அமுக்க, மறுபடி ஒரு கீச். எத்தனை தடவை என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும்.

கார்க்காரர் நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறார். ஆனால் பெட்டி புதியதைச் சேர்த்துக்கொண்டதே தவிர, பழையதை மறக்கவில்லை. பல மாடல்களில் நான்கு ரிமோட்டுக்கு இடமுண்டு. ஐந்தாவது வந்தால்தான் முதலாவது வெளியேறும். எனவே விவரமான மெக்கானிக் ஒரே ரிமோட்டை நான்கு முறை பதிவுசெய்து எல்லா இடத்தையும் அடைத்துவிடுவார். அந்தத் தந்திரம் பலிக்காத மாடல்களில் மொத்தமாக அழிக்கத் தனி வழி உண்டு. கேட்டால்தான் செய்வார்கள்.

மலிவான பழைய அலாரங்கள் எப்போதும் ஒரே சங்கேதத்தை அனுப்பின, நகலெடுப்பது சுலபம். ஒவ்வொரு அமுக்கலுக்கும் சங்கேதம் மாறும் 'ரோலிங் கோட்' அதைத் தடுத்தது. தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1995ல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கிய 'கீலாக்' இதில் பிரபலம். ஜெர்மனியின் போகும் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008ல் அதையும் உடைத்துக் காட்டினார்கள். லஜ்பத் நகரில் ஒரு காரைத் திறக்க அவ்வளவு கணிதம் வேண்டாம். டிராயரில் கிடக்கும் அந்த ரிமோட் போதும்.

ரிமோட்டிலேயே எஞ்சினைக் கிளப்பும் வசதியும் இருந்தால் இன்னும் விபரீதம். பனி நாடுகளில் காரைச் சூடேற்ற உதவும் இந்த ஏற்பாடு, தில்லியின் மே மாதத்தில் ஏ.சி.யை முன்கூட்டியே ஓடவிட உதவும். கியரில் நிறுத்திய காரில், நியூட்ரல் பாதுகாப்பைச் சரியாக இணைக்காமல் விட்டிருந்தால், பொத்தானைத் தட்டியதும் வண்டி தாவும். தட்டுவது முன்னாள் டிரைவர் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: மொத்தம் எத்தனை ரிமோட், வாலே ஸ்விட்ச் எங்கே? இரண்டாவதற்குப் பெரும்பாலும் பதில் கிடைக்காது. அதை ஒளித்துவைத்த மெக்கானிக்குக்குத்தான் தெரியும்.