உப்பின் வரவு செலவு

அணுக்கள் ஏன் ஒன்றோடொன்று சேருகின்றன என்று கேட்டால், பத்தாம் வகுப்புப் பையன் மூச்சு விடாமல் பதில் சொல்லிவிடுகிறான். சோடியம் அணுவின் வெளிச் சுற்றில் ஒரே ஒரு எலெக்ட்ரான் இருக்கிறது; அதைத் தானம் செய்துவிட அது துடிக்கிறது. குளோரினின் வெளிச் சுற்றில் ஏழு. எட்டாவதுக்கு அது ஏங்குகிறது. ஒன்று கொடுக்க, மற்றொன்று வாங்க, சம்பந்தம் முடிந்து உப்பு பிறக்கிறது! கதை ரஸமாகத்தான் இருக்கிறது. பரீட்சையில் மார்க்கும் கிடைக்கிறது. எலெக்ட்ரான் கைமாறுவதும் உண்மையே. ஆனால் அணுவுக்கு ஏது ஆசை, ஏது தர்ம சிந்தை? காரணம் வேண்டுமானால் சக்தியின் கணக்குப் புஸ்தகத்தைப் புரட்ட வேண்டும்.

23 கிராம் சோடியமும் 35.5 கிராம் குளோரினும் சேர்ந்து 58.5 கிராம் உப்பாவதாக வைத்துக்கொள்வோம். சக்தியை அளக்க நமக்குக் கிலோஜூல் போதும். ஒரு லிட்டர் ஜலத்தை ஒரு டிகிரி சூடேற்ற 4.2 கிலோஜூல் வேண்டும்.

முதலில் செலவு. சோடியம் கட்டியைத் தனித்தனி அணுக்களாகப் பிரிக்க 107. வாயுவில் ஜோடி ஜோடியாக இருக்கும் குளோரின் அணுக்களைப் பிரிக்க 121. பிறகு சோடியத்தினிடமிருந்து அந்த ஒற்றை எலெக்ட்ரானைப் பிடுங்க 496. தானம் செய்யத் துடிக்கிறவரின் லட்சணம் இது! குளோரின் அதை ஏற்கும்போது 349 திரும்பக் கிடைக்கிறது. ஆக 375 கிலோஜூல் நஷ்டம். இத்துடன் வியாபாரம் நின்றுவிட்டால் உலகில் உப்பே இராது.

எலெக்ட்ரானை இழந்த சோடியத்தில் நேர் மின்சாரமும், அதைப் பெற்ற குளோரினில் எதிர் மின்சாரமும் ஏறுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அதுவும் ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில்லை. உப்புப் பரலுக்குள் ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின். ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம். இப்படி அடுக்கப்படும்போது வெளிப்படும் சக்தி 787 கிலோஜூல். நஷ்டம் போகச் சுமார் 410 லாபம். ஒரு லிட்டர் பனிக்குளிர்ந்த நீரை ஏறக்குறையக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இவ்விதம் கணக்கெழுத 1919-இல் வழி காட்டியவர்கள் மாக்ஸ் பார்ன், பிரிட்ஸ் ஹேபர் என்ற ஜெர்மானியர்கள்.

ஜலத்திலும் சர்க்கரையிலும் எலெக்ட்ரான்கள் அடியோடு கைமாறுவதில்லை. அவற்றை அணுக்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. இதை 1916-இல் எடுத்துக் கூறியவர் அமெரிக்கரான லூயிஸ். அங்கும் சேர்ந்திருப்பதில் சக்தி குறைகிறது. அந்தக் குறைவுதான் பிணைப்பு. பிணைப்பு முறியும்போது சக்தி வெளிப்படும் என்று படித்தவர்களும் சொல்லக் கேட்கிறோம். முறிக்க எப்போதும் செலவுதான். புதிய பிணைப்பு உண்டாகும்போதுதான் வரவு.

"அவ்வளவு பலமான பிணைப்பு ரஸத்தில் மட்டும் எப்படிக் கரைகிறது?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஜலத்தின் மூலக்கூறுக்கு ஒரு முனையில் சற்று நேர் மின்சாரமும் மறு முனையில் சற்று எதிர் மின்சாரமும் உண்டு. அவை உப்பின் துகள்களை ஒவ்வொன்றாகச் சூழ்ந்துகொண்டு, பரலைப் பிரித்த செலவை ஏறக்குறைய முழுவதும் ஈடுசெய்துவிடுகின்றன. குறைகிற 4 கிலோஜூல் ஜலத்தின் சூட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. 58.5 கிராம் உப்பை ஒரு லிட்டர் ஜலத்தில் கரைத்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி குளிரும்; தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.