பகல் ஷிப்டா? இரவு ஷிப்டா?
தொழிலாளியின் விருப்பம் எப்படி உண்டாகிறது?

"ஏனுங்க, இந்த வாரம் எந்த ஷிப்டுங்க?"

சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் தொழிலாளர் வீடுகளில் பல காலம் கேட்ட கேள்வி இது. வீட்டில் உலை வைப்பது முதல், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவது வரை எல்லாம் இதற்கு வரும் பதிலைப் பொறுத்தே நடக்கும்.

சரி, தொழிலாளிக்கு எந்த நேரம் பிடிக்கும்? எத்தனை மணி நேரம் வேலை செய்ய அவர் விரும்புகிறார்?

"அவரையே கேட்டால் தெரிந்துவிடும்" என்பார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் இன்று சொல்லும் பதிலையே பத்து வருஷம் கழித்தும் சொல்லுவாரா? சொல்லமாட்டார். விருப்பம் என்பது கூடப் பிறந்தது அல்ல. சம்பளமும் வயதும் கடனும் வீடும் சேர்ந்து உண்டாக்குவது அது.

சூரியன் போய் சங்கு வந்தது

கோவையில் முதல் பஞ்சாலையை 1888-ம் ஆண்டில் ஸ்டேன்ஸ் துரை தொடங்கினார். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. அதன் பிறகு பீளமேடு, சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் என்று பல இடங்களில் மில்கள் எழுந்தன.

அங்கே வேலைக்கு வந்தவர்களில் பலர் தோட்டத்து வேலை செய்தவர்கள். கோழி கூவும் முன்பே மாடுகளைப் பூட்டிக் கவலை இறைத்தவர்கள். வெயில் ஏறினால் வேப்பமரத்து நிழலில் துண்டை விரித்துப் படுப்பார்கள். அறுவடை வந்தால் இரவு பகல் பார்க்கமாட்டார்கள். மழை பொய்த்தால் மாதக்கணக்கில் சும்மா இருப்பார்கள். எப்போது எழுவது, எப்போது படுப்பது என்பதை வேலையே சொல்லும்.

மில்லில் அப்படி அல்ல. சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும். மறு சங்கு ஊதினால்தான் வெளியே வரலாம்.

விதைப்புக்கும் மாரியம்மன் நோன்புக்கும் ஆட்கள் ஊருக்குப் போய்விட்டால், முதலாளிகளுக்குக் கோபம் வந்தது. "சோம்பேறிகள்!" என்றார்கள். விடியும் முன்பே தண்ணீர் இறைத்தவரா சோம்பேறி? அவருக்கு உழைப்பு பிடிக்காமல் இல்லை. சங்குதான் பிடிக்கவில்லை.

மின்சார விளக்கு கண்ணுக்கு நல்லது. உடம்புக்கு நல்லதா? பம்பாய் மில்களில் மின்சார விளக்கு வந்ததும் வேலை நேரம் 14 மணி, 15 மணி என்று நீண்டது. அதன் பிறகுதான் 1911-ம் ஆண்டு சட்டம், பஞ்சாலையில் ஆண்களுக்கும் 12 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 1922-ல் அது 11 மணி ஆயிற்று. 1934-ல் 10 மணி. 1946-லும் 1948-லும் வந்த சட்டங்களில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று ஆயிற்று.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 12 மணி நேரம் வேலை செய்தவருக்கு வீட்டுக்கு வந்தால் தூக்கம் ஒன்றுதான் தெரியும். சாயங்காலம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரியாததற்கு எப்படி ஆசைப்படுவார்? "கூலியைக் கூட்டுங்கள்" என்றுதான் முதலில் கேட்பார். 8 மணி நேர வேலை கைக்கு வந்த பிறகுதான் டீக்கடையில் பத்திரிகை படிக்கவும், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் கேட்கவும், சங்கத்துக்குப் போகவும், சினிமா பார்க்கவும் நேரம் கிடைத்தது. அந்தச் சாயங்காலத்தை ஒருமுறை பார்த்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதிப்பாரா?

வயதும் கடனும்

கல்யாணம் ஆகாத பையனுக்கு அரை நைட்டு நல்லதாகத் தோன்றும். காலையில் வெகு நேரம் தூங்கலாம். மனைவி வந்ததும் பகல் ஷிப்டு கேட்பார். பிள்ளைகள் பிறந்து, வீட்டுக் கடன் ஏறினால், "ஓவர்டைம் கிடைக்குமா?" என்று அவரே சூப்பர்வைசரிடம் போய் நிற்பார். 1948-ம் ஆண்டு சட்டம் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்றது அல்லவா? ஐம்பது வயதில், முழு நைட்டு முடித்துவிட்டு, சித்திரை மாதப் பகலில் ஓட்டு வீட்டில் தூங்க முடியாமல் புரளும்போது மறுபடியும் மனம் மாறும்.

ஆள் ஒருவர்தான். விருப்பம் நான்கு!

2023-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. "விரும்பும் தொழிலாளர்களுக்குத்தான்" என்று சொல்லப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியது. மே தினத்தன்று, மசோதா வாபஸ் என்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

வாபஸ் வாங்கியது சரி என்பதே என் கருத்து. நான்கு நாளில் வேலையை முடித்து மூன்று நாள் ஓய்வு எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கலாம். ஆனால் கடன்காரர் வாசலில் நிற்கும்போது, "12 மணி நேரம் சம்மதமா?" என்று கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்? அவரிடம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "இதே வருமானம் 8 மணி நேரத்தில் கிடைத்தால் எதை எடுத்துக்கொள்வீர்?" இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால்தான் அது விருப்பம். வீட்டுக்காரியையும் கேட்டால் நல்லது. எந்த ஷிப்டு ஆனாலும் தூக்குப்போசியில் சோறு கட்ட முதலில் எழுந்திருப்பவர் அவர்தானே!

பெண்கள் கேட்ட இரவு வேலை

தொழிலாளி என்றால் எப்போதும் குறைந்த நேரத்தையும் பகல் நேரத்தையும்தான் விரும்புவார் என்று நினைப்பதும் தவறு. தொழிற்சாலையில் பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்று 1948-ம் ஆண்டு சட்டம் சொன்னது. பாதுகாப்புக்காக வந்த சட்டம்தான். ஆனால் ஆலைப் பெண்களே அதை எதிர்த்துச் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள். அந்தப் பிரிவு செல்லாது என்று 2000-ம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது. போக்குவரத்து, ஓய்வறை போன்ற நிபந்தனைகளையும் கோர்ட்டு விதித்தது.

அந்தப் பெண்களுக்கு இருட்டின் மேல் ஆசையா? இல்லை. இரவு ஷிப்டுக்கு வர முடியாதவருக்கு வேலையே கிடைக்காமல் போகும் என்ற பயம்தான். வண்டியும் துணையும் இருந்தால் இரவு வேலை ஒரு விருப்பம். இல்லையென்றால் அது வேறு.

ஒண்டிப்புதூர் கம்போடியா மில் உட்பட, தேசிய பஞ்சாலைக் கழக மில்கள் 2020 மார்ச் ஊரடங்கின்போது நின்றன. பிறகு தொழிலாளர்கள் போராடினார்கள். மில்லைத் திறக்க வேண்டும், முழுச் சம்பளம் வேண்டும் என்று கேட்டார்கள். பகல் ஷிப்டா, இரவு ஷிப்டா என்பதெல்லாம் மில் ஓடினால் பேசும் பேச்சு.