மூன்றரை வயதுக்கு என்ன நேர்காணல்?

எல்.கே.ஜி.யில் சேர்க்கும் முன் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவதில் தப்பில்லையாம். பள்ளிக்கும் குடும்பத்துக்கும் பொருத்தம் வேண்டுமாம். என்ன பொருத்தம், ஜாதகமா பார்க்கிறார்கள்?

சென்னையில் அப்படியொரு அறையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பொம்மையைக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்றார்கள். "ஆனை" என்றாள் மகள். இங்கிலீஷில் சொல்லச் சொன்னதும் என் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கேள்வியெல்லாம் எங்களுக்குத்தான். என்ன படிப்பு, எங்கே வேலை, சொந்த வீடா. பொருத்தம் பார்த்த லட்சணம் இது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 13-ஆவது பிரிவில் இதைத்தான் தடுக்கிறது. குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. ஆனால் அந்தச் சட்டத்தில் 'குழந்தை' என்றால் 6 முதல் 14 வயது. எல்.கே.ஜி. அதில் வராது என்று வாதாட இந்த ஓட்டை போதும். எல்.கே.ஜி.யில் நுழைந்தவர்கள் அப்படியே ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். ஆறு வயதில் சட்டம் வந்து கதவைத் தட்டும்போது உள்ளே இடமேது?

இடம் குறைவு என்பது உண்மைதான், மறுக்கவில்லை. அதற்குக் குலுக்கல் இருக்கிறது. பெற்றோர் கண்ணெதிரே சீட்டுப் போட்டு எடுங்கள். என் மகள் பெயர் வராவிட்டால் பேசாமல் வீட்டுக்குப் போகிறேன்.