பறை மேல பழி போடாதீங்க

போன ஆடி மாசம் திண்டிவனம் பக்கத்து கிராமம் ஒண்ணுல அம்மன் திருவிழா. ரெக்கார்டரைத் தூக்கிக்கிட்டு விழுப்புரத்துலேர்ந்து பஸ் ஏறிட்டேன். பறையைக் காய்ச்சி எடுத்ததும் ஒரு தடவை, அரை மணி கழிச்சு இன்னொரு தடவைன்னு பதிவு பண்ணினேன். வீட்டுக்கு வந்து ரெண்டையும் வெட்டி ஒட்டினா, ஒட்டின இடத்துல சுருதி தொபுக்கடீர்னு விழுது. முதல் பாதி தகர டப்பா, அடுத்தது ஈரச் சாக்கு!

நண்பன் சொன்னான், "ஃபைபர் பறை வாசிக்கச் சொல்லுடா, காய்ச்சவே வேணாம்."

தோல் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும், தளரும். நெருப்புல காட்டினா ஈரம் போய் இறுகும். இழுவிசை ரெண்டு மடங்கானாலும் சுருதி 1.4 மடங்குதான் ஏறும். அதே இறுக்கத்துல விட்டத்தைப் பாதியாக்கினா சுருதி ரெண்டு மடங்கு. ஆக, குரல் எந்த வகைங்கறதை சட்டத்தோட அளவு பெரும்பாலும் முடிவு பண்ணிடுது. காய்ச்சறது அதைத் தூக்கி நிறுத்தறது. மிருதங்கத்துக்கு நடுவுல கருப்பா சோறு இருக்கு. அது மேல்சுரங்களை எப்படி ஒழுங்குபடுத்துதுன்னு சி.வி.ராமன் 1920லயே 'நேச்சர்' இதழ்ல எழுதிட்டார். பறைக்கு அது கிடையாது. நடுவுல அடிச்சா ஒரு சத்தம், ஓரத்துல அடிச்சா வேற சத்தம். மைக்கை எங்க வைக்கிறோம்கறதும் அந்த அளவுக்கு முக்கியம்.

நான் வெச்ச இடம்? சிம்புக்குச்சிக்கு ஒரு முழம் தள்ளி. போதாக்குறைக்கு ஆட்டோ லெவல் வேற ஆன்ல இருந்திருக்கு. ஒவ்வொரு அடியோட முனையையும் அமுக்கி, வாலைத் தூக்கி விட்டிருக்கு. அதைக் கேட்டதும் மொபைல் ஸ்பீக்கர்ல, அதுல அடிக்குரலே வராது. தகர டப்பா யாருன்னு இப்ப புரியுதா? :-)

ஃபைபரை நான் திட்டல. மழையில வாசிக்கிறவங்களுக்கும், வைக்கோலுக்கு அலையிறவங்களுக்கும் அது வரம். அவங்க மாத்தினா அது அவங்க முடிவு. தோலைத் தொடுறவன்னு ஒதுக்கி வெச்ச ஊர், இன்னிக்கு 'ஒரிஜினல் தோல் சத்தம்தான் வேணும்'னு அடம் பிடிக்கிறதும் எனக்கு ஒப்பல. ஆனா பொட்டி தட்டுறவன் எடிட்டிங் சுலபமா இருக்கணும்னு அவங்க வாத்தியத்தை மாத்தச் சொல்றது அதைவிட அநியாயம்.

குழுவுல பெரியவர்கிட்ட போன்ல போட்டுக் காட்டினேன். "தம்பி, உங்க மிஷினைத்தான் கொஞ்சம் காய்ச்சணும்"னார்.

அடுத்த தடவை மைக் ஆறடி தள்ளி, லெவல் என் கையில. காய்ச்சி எடுத்ததுலேர்ந்து தோல் தளர்ற வரைக்கும் ஒரே ஓட்டமா பதிவு. மறுபடி காய்ச்சற நேரத்துக்கும் சேர்த்தே சம்பளம் பேசியாச்சு.