‘போலீஸ் வேண்டாம், பணம் தருகிறேன்’ என்கிறார் கார்க்காரர்... சம்மதிக்கலாமா?

“என் அண்ணனுக்கு வயது 42. இரண்டு ஏக்கர் நிலமும் நான்கு கறவை மாடுகளும்தான் குடும்பத்துக்கு ஆதாரம். 12 நாள்களுக்கு முன், சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு பைக்கில் திரும்பும்போது பின்னால் வந்த கார் மோதியதில் வலது கால் எலும்பு முறிந்துவிட்டது. கார்க்காரர் பக்கத்து ஊர், தூரத்துச் சொந்தமும்கூட. அவரே மருத்துவமனையில் சேர்த்தார். ‘போலீஸ், கேஸ் எல்லாம் வேண்டாம். 50,000 ரூபாய் தருகிறேன், பிரச்னை முடிந்தது என்று எழுதிக் கொடுங்கள்’ என்கிறார். அப்பா, ‘சொந்தக்காரனைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டாம்’ என்கிறார். என்ன செய்வது?”

- வாசகர், விழுப்புரம் மாவட்டம்.

எந்தத் தாளிலும் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். எலும்பு எப்படிக் கூடும், இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படுமா, உங்கள் அண்ணனால் பழையபடி வரப்பில் நடக்கவும், குந்தி உட்கார்ந்து பால் கறக்கவும் முடியுமா என்பதெல்லாம் தெரியப் பல மாதங்கள் ஆகும். அது தெரிவதற்கு முன்பே, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால், பிறகு இழப்பீடு கேட்கும்போது எதிர்தரப்பு அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டும்.

உங்கள் அப்பாவிடம் ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள். காருக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால், இழப்பீடு பொதுவாகக் கார்க்காரரின் பையிலிருந்து போவதில்லை. அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்காக அவர் கட்டியிருக்கும் ‘தேர்டு பார்ட்டி’ இன்சூரன்ஸிலிருந்துதான் வரும். ஒவ்வொரு வண்டிக்கும் அதைக் கட்டாயமாக்கியிருப்பதே இதற்காகத்தான். வண்டி எண்ணை ‘எம்-பரிவாகன்’ செயலியில் கொடுத்தால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். காவல் நிலையத்தில் கார்க்காரர் மீது வழக்குப் பதிவாகும் என்பது உண்மைதான். ஆனால், கவனக்குறைவாக ஓட்டிக் காயம் ஏற்படுத்தியதற்கான பிரிவுகள் ஜாமீனில் வரக்கூடியவை. இதை இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசிக்கொண்டால் பகைக்கு இடமிருக்காது.

தாமதமாகிவிட்டதே, புகார் எடுப்பார்களா?

எடுக்க வேண்டும். விபத்து நடந்த எல்லைக்கு உட்பட்ட காவல் நிலையத்தில், ‘சிகிச்சையில் இருந்ததால் தாமதம்’ என்று காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்) தாமதமானது என்பதை மட்டுமே காரணமாக வைத்து இழப்பீட்டு மனுவைத் தள்ளிவிடக் கூடாது என்று 2011-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர் நகலை இலவசமாகவே தருவார்கள். புகாரை வாங்க மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

அதைவிட முக்கியம், மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. ‘ஏ.ஆர் காப்பி’ என்று கேட்டால் புரியும். சேர்க்கும்போது ‘எப்படி அடிபட்டது?’ என்று கேட்டு அதில்தான் எழுதுவார்கள். ‘போலீஸ் தொல்லை வேண்டாமே’ என்று, ‘பைக்கில் இருந்து தானாக விழுந்தார்’ எனச் சொல்லிவிடுவது கிராமங்களில் சாதாரணம். அந்த ஒரு வரியே வழக்கைச் சாய்த்துவிடும். உங்கள் அண்ணனைச் சேர்த்தவர் கார்க்காரர் என்பதால், என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை உடனே பாருங்கள். தவறாக இருந்தால், உண்மையில் நடந்ததைப் புகாரிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நேரில் பார்த்தவர்களின் பெயர்களையும் அதில் சேருங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும் வரை பைக்கைப் பழுது நீக்க வேண்டாம்.

விவசாயியின் வருமானத்தை எப்படிக் காட்டுவது?

பல விவசாயக் குடும்பங்கள் ஏமாறும் இடம் இதுதான். இழப்பீட்டு மனுவை, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் வசிக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே கொடுக்கலாம். விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். அதனால் நாள் கடத்த வேண்டாம்.

மாதச் சம்பளக்காரர் சம்பளச் சீட்டைக் காட்டுவார். விவசாயியிடம் அது இல்லை. வாயால் சொல்லும் கணக்குக்கு ஆதாரம் இல்லாவிட்டால், தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை அனுமானித்துக்கொள்ளும். அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ‘நிலம் அப்படியேதானே இருக்கிறது, என்ன இழப்பு?’ என்ற கேள்வியும் வரும். நிலம் இருக்கிறது, அதில் பாடுபடும் ஆள்தான் படுத்துவிட்டார். அவர் செய்த வேலைக்குக் கூலி ஆள் வைக்க வேண்டியிருக்கிறதே, அந்தச் செலவும் இழப்புதான்.

எனவே பால் சொசைட்டி பாஸ் புக், சிட்டா, அடங்கல், ஒழுங்குமுறை விற்பனைக்கூட ரசீது, கமிஷன் மண்டிச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மாடு கறக்கவும், தண்ணீர் பாய்ச்சவும் ஆள் வைத்திருந்தால், கொடுத்த கூலியைத் தேதி போட்டு எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். மருந்துக் கடை பில் முதல் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வாடகை வண்டிச் செலவு வரை எதையும் தூக்கிப்போட வேண்டாம்.

ஒரு கணக்கு பாருங்கள். மாத வருமானம் 12,000 ரூபாய் என்று நிரூபிக்க முடிந்தால், ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். 42 வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கல் எண் 14. இரண்டையும் பெருக்கினால் 20,16,000 ரூபாய். காலில் நிரந்தரக் குறைபாடு ஏற்பட்டு, உழைக்கும் திறனில் 20 சதவிகிதம் போய்விட்டது எனத் தீர்ப்பாயம் ஏற்றால், அதற்கு மட்டும் 4,03,200 ரூபாய். சிகிச்சைச் செலவும் வலி, வேதனைக்கான தொகையும் தனி. கால் முழுமையாகச் சரியாகிவிட்டால் தொகை குறையும். அது சந்தோஷமான விஷயம்தான். ஆனால், அது தெரியும் முன் 50,000 ரூபாய்க்கு முடித்துக்கொள்வது அவசரம்.

இன்னொன்று, ஊனத்தின் அளவு மட்டுமல்ல. அது அவருடைய தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குக் கால் மடங்காததும், சேற்றில் இறங்குபவருக்குக் கால் மடங்காததும் ஒன்றல்ல. இதை மனுவிலேயே விளக்கிச் சொல்ல வேண்டும். மருத்துவக் குழுவின் ஊனச் சான்றிதழும் தேவைப்படும்.

‘வருவதில் பாதி எனக்கு’ என்று மருத்துவமனை வாசலிலேயே வரும் இடைத்தரகர்களிடம் சிக்க வேண்டாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழு மூலம் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உதவி எண் 15100.

“மோதிய வாகனம் நிற்காமல் போய்விட்டால் யாரிடம் இழப்பீடு கேட்பது? அடிபட்டவரைத் தூக்கிச் சென்றால் நமக்குப் பிரச்னை வருமா?”

- வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

எந்த வாகனம் என்றே தெரியாவிட்டால், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் மத்திய அரசின் திட்டத்தில் உண்டு. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பிக்கலாம். இதற்கும் காவல் நிலையப் பதிவு அவசியம்.

தூக்கிச் செல்பவர்கள் பயப்பட வேண்டாம். 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுபவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. 108-க்குச் சொல்லுங்கள், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் சொல்லலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அரசு மருத்துவமனைகளிலும் இணைக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, நிர்ணயித்த தொகை வரை இலவசம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. பணத்துக்கு யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு நேரத்தை இழக்க வேண்டாம். முதலில் ஆளைக் கொண்டுபோய்ச் சேருங்கள்.